மேப்பில் வெள்ளையாக ஓடும் சாலைகள்: பிரெஞ்சுக் கிராமங்களில் சைக்கிள் பயணம் போக ஒரு முழு வழிகாட்டி

ஒரு மே மாதத் திங்கட்கிழமை, நடு பிரான்சில் நிவெர்னே பக்கம் ஒரு சின்னச் சாலையில் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை சைக்கிள் ஓட்டினேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் என்னைக் கடந்தவை தபால்காரரின் மஞ்சள் வேன் ஒன்று, டிராக்டர் ஒன்று. அவ்வளவுதான். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்ற ஷரோலே மாடுகள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தன. குயில் இனத்துக் கக்கூ ஒன்று விடாமல் கூவிக்கொண்டிருந்தது. சொர்க்கம்தான், சந்தேகமில்லை. ஒன்பதரைக்கு ஒரு ஊரை அடைந்தேன். ரொட்டிக்கடை மூடியிருந்தது. மளிகைக்கடை மூடியிருந்தது. காபிக் கடையின் கண்ணாடியில் நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்து வைத்திருப்பது தெரிந்தது. அடுத்த ஊர் 14 கி.மீ., அங்கும் அதே கதை. பையில் இருந்தது அரை பாக்கெட் பிஸ்கட்.

இந்த வழிகாட்டியின் சாரம் அந்தக் காலையில் இருக்கிறது. சாலையில் ஆள் இல்லை என்றால் கடையிலும் ஆள் இருக்க மாட்டார்கள். பிரான்சில் கார் இல்லாத சாலையைக் கண்டுபிடிப்பது பெரிய வித்தை இல்லை, கொட்டிக் கிடக்கிறது. அந்தச் சாலையில் ரொட்டியும் தண்ணீரும் இரவுக்கு ஒரு படுக்கையும் கிடைக்கும்படி நாளை அமைத்துக்கொள்வதில்தான் திட்டமிடும் வேலை முழுவதும் இருக்கிறது.

சாலைகள் ஏன் இவ்வளவு காலி? அந்த நாட்டில் மொத்தம் சுமார் 11 லட்சம் கி.மீ. சாலை இருக்கிறது. அதில் அதிவேக நெடுஞ்சாலை 12,000 கி.மீ. அளவுதான். மாவட்டச் சாலைகள் 3.8 லட்சம் கி.மீ., ஊராட்சிச் சாலைகள் ஏறக்குறைய 7 லட்சம் கி.மீ. கிட்டத்தட்ட 35,000 ஊராட்சிகள். ஒவ்வொன்றும் நாலு பக்கத்து ஊர்களோடு தார்ச்சாலையால் இணைந்திருக்கிறது. கார்கள் எல்லாம் பெரிய சாலைகளில் போய்க் குவிந்துவிட, மற்ற சாலைகள் நமக்கும் மாடுகளுக்கும்.

படி 1: இடமும் மாதமும்

பிரான்ஸ் என்றதும் பலர் லுவார் நதிக்கரையின் சைக்கிள் பாதையைச் சொல்வார்கள். சுமார் 900 கி.மீ. நீளம், நல்ல பலகைகள், வழியெல்லாம் கோட்டைகள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அதுவே சரி. ஆனால் ஜூலை மாதம் அங்கே போனால் முன்னால் ஒரு குடும்பம், பின்னால் ஒரு குடும்பம், நடுவில் மணி அடித்துக்கொண்டே போக வேண்டும். அமைதி தேடிப் போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

வடகிழக்கில் மியூஸ் நதிப் பக்கத்திலிருந்து தென்மேற்கில் லாந்து வரை ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டை ஒட்டிய பகுதியை பிரெஞ்சுக்காரர்கள் ‘வெறுமையின் மூலைவிட்டம்’ என்கிறார்கள். ஜனங்கள் ஊரைவிட்டு நகரத்துக்குப் போய்க் காலியான பகுதி. நியெவ்ர், க்ரூஸ், காந்தால், லோசேர் மாவட்டங்கள் இதில் வருகின்றன. லோசேர் 5,000 சதுர கி.மீ.க்கும் மேல்; மக்கள் எண்பதாயிரத்துக்கும் குறைவு. ஆனால் லோசேரும் காந்தாலும் மலை. முதல் தடவை போகிறவர் அங்கே போய் முழங்காலைத் தேய்த்துக்கொள்ள வேண்டாம். நியெவ்ரில் கால்வாய்க்கரைச் சமதளமும் உண்டு, பக்கத்திலேயே மொர்வான் குன்றுகளும் உண்டு. எவ்வளவு மேடு வேண்டும் என்பதை அன்றன்று காலையில் முடிவு செய்துகொள்ளலாம். அதனால் கடைசிப் படியில் அந்தப் பகுதியையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மாதம் என்றால் மே நடு முதல் ஜூன் கடைசி வரை, அப்புறம் செப்டம்பர் முழுவதும். ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும், அவசரமே இல்லை. மே மாதத்தில் ஒரு வில்லங்கம்: 1, 8 தேதிகள் விடுமுறை, கிறிஸ்து விண்ணேற்ற நாளும் பெரும்பாலும் அந்த மாதத்தில்தான் வரும். மே 1 அன்று ஊரே மூடிக் கிடக்கும். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும், தங்கும் இடங்கள் நிரம்பிவிடும். செப்டம்பர் பின்பாதியில் வேட்டைக்காலம் தொடங்கி பிப்ரவரி கடைசிவரை ஓடும். காட்டோரம் ‘வேட்டை நடக்கிறது’ என்ற பலகையைப் பார்த்தால், அதுவும் ஞாயிற்றுக்கிழமை என்றால், காட்டுப் பாதைக்குள் நுழையாமல் தார்ச்சாலையிலேயே போங்கள். பளிச்சென்ற ஆரஞ்சு நிறச் சட்டை அப்போது வீண் செலவில்லை.

படி 2: மேப்பைப் படிக்கப் பழகுங்கள்

போனில் எல்லாம் இருக்கும்போது காகித மேப் எதற்கு என்று கேட்பீர்கள். அமைதியான சாலையைத் தேடும் வேலையில் காகிதம்தான் வேகம். மிஷலின் கம்பெனியின் மாவட்ட மேப் 1:1,50,000 அளவில் வருகிறது, ஒரு செ.மீ. என்றால் ஒன்றரை கி.மீ. அதில் சிவப்புச் சாலை பெரியது, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சின்னது. நமக்கு வேண்டியது வெள்ளை. சாலை ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் அழகான காட்சி என்று பொருள். பச்சைக் கோட்டைப் பார்த்ததும் குதிக்காதீர்கள், அதே மேப்பை மோட்டார் சைக்கிள்காரர்களும் வைத்திருக்கிறார்கள். ஞாயிறு மதியம் மஞ்சளும் பச்சையும் சேர்ந்த சாலையில் பத்துப் பத்தாக வருவார்கள். பச்சைக் கோடு போட்ட வெள்ளைச் சாலை கிடைத்தால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம்.

சாலையின் குறுக்கே அம்பு முனைகள் இருக்கும். ஒன்று என்றால் 5 முதல் 9 சதவீத ஏற்றம், இரண்டு என்றால் 9 முதல் 13, மூன்று என்றால் அதற்கும் மேல். முனை காட்டும் திசையில் மேடு. சுமையோடு போகிறவர் இரண்டு முனையைப் பார்த்தால் ஒரு தடவை யோசிக்க வேண்டும்; மூன்றைப் பார்த்தால் எதிர்த் திசையிலிருந்து வர முடியுமா என்று பார்க்க வேண்டும்.

இப்போது பலரும் ஏமாறும் இடம். ‘டி’ என்று தொடங்கும் எண் மாவட்டச் சாலையைக் குறிக்கும், ‘என்’ என்று தொடங்குவது தேசிய நெடுஞ்சாலை. அப்படியானால் ‘டி’ எல்லாம் அமைதி என்று நினைத்துவிடக் கூடாது. 2006 வாக்கில் சுமார் 18,000 கி.மீ. தேசிய நெடுஞ்சாலையை அரசு மாவட்டங்களிடம் ஒப்படைத்துவிட்டது. எண்ணின் முன்னெழுத்துதான் மாறியது, அதில் ஓடும் லாரி மாறவில்லை. பாரிஸிலிருந்து தெற்கே போன பழைய என்-20 லோத் மாவட்டத்தில் இன்று டி-820. பழைய என்-6 யோன் மாவட்டத்தில் டி-606. 600, 800, 900 வரிசை எண்களைப் பார்த்தால் அது வேஷம் மாற்றிய நெடுஞ்சாலையோ என்று சந்தேகப்படுங்கள். மாவட்ட எல்லையைத் தாண்டியதும் அதே சாலைக்கு எண் மாறிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

சாலையோரத்தில் மஞ்சள் தொப்பி போட்ட குட்டையான மைல்கல் இருந்தால் அது மாவட்டச் சாலை. சிவப்புத் தொப்பி தேசியச் சாலை. திசைப் பலகைகளில் பச்சை நிறம் தூரத்துப் பெரிய ஊர்களுக்கு, வெள்ளை நிறம் பக்கத்து ஊர்களுக்கு. வெள்ளைப் பலகையைப் பின்பற்றினாலே பாதி வேலை முடிந்தது.

படி 3: கோடு போடுவது

முதலில் இரவு தங்கும் ஊர்களைக் குறியுங்கள், சாலையை அப்புறம் பார்க்கலாம். ஒரு நாளைக்கு 50 முதல் 60 கி.மீ. போதும். ‘நான் வார இறுதியில் 100 ஓட்டுகிறவன்’ என்பவருக்கும் இதையே சொல்வேன். சுமையோடு, நின்று நிதானித்துப் போனால் மணிக்கு 13, 14 கி.மீ.தான் வரும்.

பிறகு அந்த ஊர்களை வெள்ளைச் சாலைகளால் இணைத்துப் பாருங்கள். இதில் எனக்குக் கைகொடுத்த இரண்டு தந்திரங்கள். ஒன்று, ஆற்றுப் பள்ளத்தாக்கில் பெரும்பாலும் இரு கரையிலும் சாலை இருக்கும். லாரி ஒரு கரையில்தான் போகும். மறு கரையின் சாலை சற்று வளைந்து, மேடு பள்ளமாக, ஒவ்வொரு குக்கிராமத்தையும் தொட்டுப் போகும். அதுதான் நம்முடையது. இரண்டு, கூகுள் தெருக்காட்சியில் அந்தச் சாலையின் நடுவில் ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு இல்லையென்றால் கார் குறைவு. சாலையின் நடுவிலேயே புல் முளைத்திருந்தால் அன்றைக்கு உங்களுக்கு யோகம்.

போனில் பாதை போடும் செயலிகள், கொமூட் உட்பட, சைக்கிள் என்று சொன்னதும் மண்பாதைக்குள் இழுத்துவிடும் பழக்கம் உள்ளவை. மழை பெய்த மறுநாள் மொர்வான் காட்டுப் பாதையில் சேறு சக்கரக் காப்புக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்ற மறுக்கும். செயலி போட்ட கோட்டைக் காகித மேப்போடு ஒரு தடவை ஒப்பிட்டுத் திருத்துங்கள். அந்தக் கோட்டையும் மேப்பையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் காணாமல் போகும்.

‘ரூத் பாரே’, அதாவது சாலை மூடப்பட்டது, என்ற பலகை அடிக்கடி எதிர்ப்படும். சாலை வேலை என்றால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போக வேலையாட்கள் பெரும்பாலும் விடுவார்கள். ஒரு தடவை அந்த தைரியத்தில் 4 கி.மீ. இறங்கிப் போனேன். கீழே பாலத்தின் தளத்தையே கழற்றி வைத்திருந்தார்கள். இறங்கிய 4 கி.மீ.யையும் ஏற வேண்டியதாயிற்று. மேப்பில் அந்தச் சாலை ஆற்றைக் கடக்கிறது என்றால் பலகையை நம்புங்கள்.

படி 4: சைக்கிளும் பையும்

புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். 35 முதல் 42 மி.மீ. அகல டயர், ஏற்றத்துக்கு இறக்கிக்கொள்ளச் சின்ன கியர், சக்கரக் காப்பு, பின்னால் கேரியரில் இரண்டு பை. முதுகில் பை மாட்டிக்கொண்டு போகாதீர்கள், இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாற்று டியூப் இரண்டு, பஞ்சர் பசை, டயர் நெம்புகோல், பம்ப், செயின் கழற்றும் கருவி எல்லாம் கட்டாயம். கிராமத்தில் சைக்கிள் கடை கிடையாது, 40 கி.மீ. தள்ளி இருக்கும், அதுவும் திங்கட்கிழமை மூடியிருக்கும்.

முன்விளக்கு, பின்விளக்கு, மணி சட்டப்படி வேண்டும். ஊருக்கு வெளியே இரவிலும் மங்கிய வெளிச்சத்திலும் ஒளிரும் மேல்சட்டை கட்டாயம். 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தலைக்கவசம் கட்டாயம், பெரியவர்களுக்கு அவரவர் விருப்பம். காதில் பாட்டு கேட்கும் கருவி மாட்டிக்கொண்டு ஓட்டினால் 135 யூரோ அபராதம்.

படி 5: ரயில்

பாரிஸிலிருந்து கிராமத்துக்குச் சைக்கிளிலேயே போகிறேன் என்று கிளம்பாதீர்கள். புறநகரைத் தாண்டவே ஒரு நாள் போய்விடும். ‘தே-யு-எர்’ என்ற பிராந்திய ரயிலில் சைக்கிளை அப்படியே ஏற்றலாம். பெரும்பாலும் இலவசம், சில பிராந்தியங்களில் கோடையில் சைக்கிளுக்கும் முன்பதிவு கேட்பார்கள். அதிவேக ரயிலில் சைக்கிள் இடம் குறைவு, முன்பதிவும் கட்டணமும் உண்டு. ரயில் வரும் முன்பே பைகளைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் படம் ஒட்டிய பெட்டி எங்கே நிற்கும் என்று நடைமேடையில் கேட்டு வையுங்கள். பையோடு சைக்கிளைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுவது பயில்வானுக்கும் சிரமம்.

படி 6: சாலையில்

வலது பக்கம் ஓட்ட வேண்டும். இது தெரியாதா என்பீர்கள். இடது பக்கம் ஓட்டி வளர்ந்தவருக்கு நகரத்தில் பிரச்சினை வராது, எதிரே வரும் காரே நினைவூட்டிவிடும். காலிச் சாலைதான் ஆபத்து. மதியம் மரத்தடியில் ரொட்டி தின்று, கொஞ்சம் கண்ணயர்ந்து, எழுந்து ஏறி உட்கார்ந்து ஓட்டினேன். 2 கி.மீ. தாண்டி ஒரு வளைவில் டிராக்டர் எதிரே வந்து நின்றபோதுதான், நான் இடது பக்கத்தில் நிற்பது எனக்கே தெரிந்தது. டிராக்டர்காரர் எதுவும் சொல்லவில்லை. கையால் அந்தப் பக்கம் என்று காட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கைப்பிடியின் வலது முனையில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறேன்.

அடுத்தது ‘வலதுக்கு முன்னுரிமை’. ஊருக்குள் வலது பக்கத்துச் சந்திலிருந்து வரும் வண்டிக்கு, அது எவ்வளவு சின்னச் சந்தாக இருந்தாலும், நீங்கள் வழிவிட வேண்டும்; வேறு பலகை இருந்தால் மட்டுமே விலக்கு. மஞ்சள் வைரச் சதுரப் பலகை இருந்தால் நீங்கள் போகும் சாலைக்கே முன்னுரிமை. அதே சதுரத்தைக் கறுப்புக் கோடு அடித்திருந்தால் சலுகை முடிந்தது, வலது பக்கம் பாருங்கள். சிவப்பு முக்கோணத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் அடுத்த சந்திப்பில் வலதுக்கு வழி. வட்டச் சந்திப்பில் மட்டும் தலைகீழ்: அங்கே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவருக்கு வழிவிட்டுவிட்டு நுழைய வேண்டும்.

கார்கள் ஊருக்கு வெளியே உங்களிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிக் கடக்க வேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். கிராமச் சாலைகளில் பெரும்பாலும் இதை மதிக்கிறார்கள், வளைவில் பொறுமையாகப் பின்னால் வருகிறார்கள். 2018-இல் இருவழிச் சாலைகளின் வேக வரம்பை மணிக்கு 90-இலிருந்து 80 கி.மீ.க்குக் குறைத்தார்கள், சில மாவட்டங்கள் பிறகு சில சாலைகளில் 90-க்கே திரும்பிவிட்டன. அவசரத்துக்கு எண் 112.

படி 7: ரொட்டி, தண்ணீர், மதியம் பன்னிரண்டு மணி

பிரெஞ்சுக் கிராமத்துக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. அதோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாரும் இல்லை. ரொட்டிக்கடை காலை ஏழு மணிக்குத் திறக்கும், பன்னிரண்டரைக்கு மூடும், நாலு மணி வாக்கில் மறுபடி திறக்கும். மளிகைக்கடையும் ஏறக்குறைய அப்படித்தான். ஞாயிறு பன்னிரண்டரையோடு சரி. திங்கள் பல கடைகளுக்கு விடுமுறை. இரண்டு ரொட்டிக்கடை உள்ள ஊரில் ஒன்று மூடும் நாளில் மற்றது திறந்திருக்கும். ஒன்றே ஒன்று உள்ள ஊரில் அன்று பட்டினிதான். ஆகவே சனிக்கிழமை மாலை கடை மூடும் முன்பே திங்கள் இரவு வரைக்கும் கணக்குப் போட்டு வாங்கிவிட வேண்டும். முதல் பத்தியில் சொன்ன அரை பாக்கெட் பிஸ்கட் இந்தக் கணக்கைப் போடாததால் வந்தது.

சாப்பாட்டுக் கடையில் மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் ஒன்றரை வரை. இரண்டு மணிக்குப் போய் நின்றால் அடுப்பு அணைந்துவிட்டது என்பார்கள், அனுதாபத்தோடுதான் சொல்வார்கள், ஆனால் எதுவும் கிடைக்காது. பதினொன்றே முக்காலுக்கு ஒரு ஊரில் இருக்கும்படி காலையைத் திட்டமிடுங்கள். வேலையாட்களின் வேன்கள் வரிசையாக நிற்கும் கடையில் நுழையுங்கள். முன்தட்டு, அன்றைய சமையல், பாலாடைக்கட்டி, இனிப்பு என நிறைவாகப் போடுவார்கள், விலையும் நியாயமாக இருக்கும்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கிராமம் கொஞ்சம் கஷ்டம். காய்கறி சூப்பிலும் பன்றி இறைச்சித் துண்டு மிதக்கும். ஆட்டுப் பால்கட்டி வைத்த கீரைத் தட்டும், முட்டை சாப்பிடுகிறவர் என்றால் ஆம்லெட்டும் எங்கும் கிடைக்கும். மற்றபடி ரொட்டி, பாலாடைக்கட்டி, தக்காளி, ஆப்பிள் என்று மரத்தடி விருந்துதான். நான் கிளம்பும் முன் பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் கடைத்தெருவில் ஊறுகாய் பாக்கெட் ஒன்று வாங்கிக்கொள்வேன். பாட்டில் வேண்டாம், உடைந்தால் பை முழுக்க நல்லெண்ணெய். சூடான பகெத் ரொட்டியைப் பிளந்து வெண்ணெயும் எலுமிச்சை ஊறுகாயும் தடவிச் சாப்பிட்டுப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர் யாரும் பார்க்காத இடத்தில் சாப்பிடுவது நல்லது.

கடையே இல்லாத ஊரிலும் சில வழிகள் உண்டு. சில ஊர்களில் ரொட்டி வேன் வரும். சதுக்கத்தில் நின்று ஹாரன் அடிக்கும், வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து பாட்டிமார் பையோடு வருவார்கள். வரிசையில் கடைசியாக நில்லுங்கள், முன்பே சொல்லிவைத்தவர்களுக்குப் போக மிச்சம் இருந்தால் உங்களுக்கு. சில ஊர்களில் பகெத் போடும் தானியங்கி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். ரொட்டி அருமை என்று சொல்ல மாட்டேன்.

தண்ணீருக்கு இடுகாடு. கேட்கச் சங்கடமாக இருந்தாலும் பிரான்சில் சைக்கிள் பயணிகள் எல்லோரும் செய்வது இதுதான். கல்லறைப் பூச்செடிகளுக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும், பெரும்பாலும் வாசலுக்குப் பக்கத்திலேயே. மேப்பில் சிலுவைகள் போட்ட சின்னச் சதுரமாக இடுகாடு தெரியும். ‘நோன் போத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள்; தலையை மட்டும் நனைத்துக்கொள்ளலாம். மழைநீர்த் தொட்டியிலிருந்து வரும் குழாயும் உண்டு, சந்தேகமாக இருந்தால் விட்டுவிடுங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவரைப் பார்த்தால் பாட்டிலைக் காட்டிக் கேளுங்கள், தட்ட மாட்டார்கள். ஆனால் எதைக் கேட்பதானாலும் முதல் சொல் ‘பொன்ஜூர்’. அதைச் சொல்லாமல் விஷயத்துக்கு வந்தால் அது அங்கே மரியாதைக் குறைவு. சொல்லிவிட்டால் அரைகுறை பிரெஞ்சுக்கும் முழுப் பதில் கிடைக்கும்.

படி 8: இரவு

கூடாரம் வைத்திருப்பவருக்கு ஊராட்சி முகாம் மைதானம் ஒரு வரம். ஆற்றோரத்தில் புல்வெளி, சுடுதண்ணீர்க் குளியல், குறைந்த கட்டணம். பல மைதானங்களில் பகலில் ஆளே இருக்க மாட்டார்கள். நீங்களாகப் போய்க் கூடாரம் அடித்துக்கொள்ளலாம், மாலையில் ஊராட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து பணம் வாங்கிக்கொள்வார். மேயில் சில இன்னும் திறந்திருக்காது, செப்டம்பரில் சில மூடிவிடும். முன்பே போன் போட்டுக் கேளுங்கள். கண்ட இடத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது. வயலோரம் என்றால் உடையவரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள்.

கூடாரம் வேண்டாம் என்பவருக்கு ‘ஷாம்ப்ர் தோத்’, அதாவது வீட்டிலேயே விருந்தினர் அறை. காலை உணவு சேர்ந்தது. பக்கத்தில் சாப்பாட்டுக் கடை இல்லாத ஊர் என்றால் இரவுச் சாப்பாட்டையும் முதல் நாளே சொல்லிவையுங்கள். வீட்டுக்காரர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் அந்த இரவுதான் பயணத்தில் எனக்கு அதிகம் நினைவிருக்கும். ‘அக்கெய் வேலோ’ என்ற முத்திரை ஒட்டிய இடங்களில் சைக்கிளைப் பூட்டி வைக்கப் பாதுகாப்பான இடமும் பழுது பார்க்கும் கருவிகளும் இருக்கும். அந்த முத்திரை குறிக்கப்பட்ட சைக்கிள் பாதைகளுக்கு 5 கி.மீ.க்குள் இருக்கும் இடங்களுக்குத்தான், காட்டுக்குள் தேடாதீர்கள்.

தேவாலய மணி பல ஊர்களில் ஒவ்வொரு மணியையும் இரண்டு தடவை அடிக்கும். முதல் தடவை எண்ணத் தவறியவருக்காக, ஒன்றிரண்டு நிமிடம் கழித்து மறுபடி. விடிகாலை நாலு மணிக்கும் அதே அக்கறை. காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

படி 9: முதல் பயணத்துக்கு ஒரு பாதை

நாலு நாள், 200 கி.மீ.க்குச் சற்று மேல். பாரிஸ் பெர்சி நிலையத்தில் ஓசேருக்கு ரயில் ஏறுங்கள். சில வண்டிகள் நேரே போகும், சிலவற்றுக்கு லரோஷ்-மிகேனில் மாற வேண்டும். ஓசேரில் யோன் நதிக்கரைக்கு இறங்கினால் அங்கேயே நிவெர்னே கால்வாய் தொடங்குகிறது. தெசீஸ் ஊரில் லுவார் நதியைச் சேரும்வரை 170 கி.மீ.க்குச் சற்று அதிகம். மொர்வான் காட்டு விறகைப் பாரிஸின் அடுப்புகளுக்குக் கொண்டுபோக இந்தக் கால்வாயை 1784-இல் வெட்டத் தொடங்கினார்கள். முடிக்க ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆனது. கரையோரத்தில் படகு இழுத்த பாதை இன்று சைக்கிள் பாதை. சில இடம் தார், சில இடம் சரளை.

முதல் நாள் ஓசேரிலிருந்து கிளாம்சி, சுமார் 60 கி.மீ., மேடே இல்லை. வழியில் மெரி-சூர்-யோன் பக்கம் சோசுவா சுண்ணாம்புப் பாறைகள் ஆற்றோரம் செங்குத்தாக நிற்கும், கயிறு கட்டி ஏறுகிறவர்களைக் கீழே உட்கார்ந்து பார்க்கலாம். கிளாம்சியில் பாலத்தின்மேல், விறகுத் தெப்பம் ஓட்டியவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் நாள் கால்வாயை விட்டு விலகுங்கள். கிழக்கே வெள்ளைச் சாலைகளாகப் பார்த்து வெசலே போங்கள். குன்றின் உச்சியில் மக்தலேனா பேராலயம், 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஏற்றம் கடுமை, கடைசித் தெருவில் தள்ளிக்கொண்டு போவதில் வெட்கமில்லை. அங்கும் கூட்டம்தான், ஆனால் குன்றிலிருந்து தெற்கே இறங்கிய மூன்றாவது கி.மீ.யிலேயே மறுபடி யாரும் இல்லை. வழியில் பசோஷ். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் கோட்டைப் பொறியாளர் வோபானை அடக்கம் செய்த ஊர். அங்கிருந்து கோர்பின்யிக்கு இறங்கி இரவு தங்கல்.

மூன்றாம் நாள்தான் இந்தப் பாதையின் நெஞ்சு. சார்தியில் மூன்றே கி.மீ. சுமாரில் 16 மதகுகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டிகள், படிக்கட்டு போல் அடுக்கி நிற்கின்றன. படகு ஒவ்வொரு தொட்டியாக ஏற வேண்டும். மதகுக்காரர் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கதவைத் திறப்பதைப் பார்க்கலாம், பன்னிரண்டு மணிக்குள் போனால்! மதியம் ஒரு மணி நேரம் கால்வாயும் சாப்பிடப் போய்விடும். மேலே கால்வாய் குன்றைக் குடைந்து மூன்று சுரங்கங்களில் போகிறது. நீளமானது 758 மீட்டர். உள்ளே சைக்கிளுக்கு வழியில்லை, மேலேறிச் சுற்ற வேண்டும். சுரங்க வாய்க்கு முன் இரு பக்கமும் பாசி படர்ந்த பாறைச் சுவர், மேலே மரங்கள் மூடிய நிழல், தண்ணீர் சொட்டும் ஓசை. வெயில் நாளிலும் அங்கே குளிரும். அந்தப் பக்கம் வோ, பே என்ற இரண்டு ஏரிகள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன, குளிக்கலாம். அன்று ஷாத்தியோன்-ஆன்-பசுவா வரை போனால் போதும்.

நாலாம் நாள் செர்சி-லா-தூர் வழியாகத் தெசீஸ். எல்லாம் லேசான இறக்கம். தெசீஸில் நெவேருக்கு ரயில் ஏறலாம்; கால் ஓய்ந்திருந்தால் செர்சியிலேயே ஏறிவிடலாம். அந்த லைனும் நெவேருக்குத்தான் போகிறது. நெவேரில் மாறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் பெர்சி. ஒரே ஒரு எச்சரிக்கை: ஞாயிறு மாலை ரயிலில் சைக்கிள் கொக்கிகள் எல்லாம் நிரம்பியிருக்கும். வியாழன் கிளம்பினால் ஞாயிறு அந்த ரயிலில் மாட்டிக்கொள்வீர்கள். செவ்வாய் கிளம்பி வெள்ளி திரும்புங்கள். திங்கட்கிழமைக் கடையடைப்பும் உங்களைத் தொடாது.